தவுக்கே கடையில் ‘மக்கள் சக்தி’

செடெனாக் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பியின் கைப்பேசியில் ‘கேலா ஹோபே’ பாட்டு அலறியது. ‘ஆட்டம் நடக்கும்’ என்று பொருளாம். அவர்கள் ஊர் அரசியல் மேடையில் பிறந்து, 2021 மேற்கு வங்கத் தேர்தலைக் கலக்கி, கல்யாண வீடுவரை போன முழக்கம்.

எனக்கு ‘மக்கள் சக்தி’ ஞாபகம் வந்தது. 2007 நவம்பர் 25 இண்ட்ராப் பேரணியில் நம்மவர்கள் எழுப்பிய குரல், 2008 மார்ச் தேர்தலில் மலாய்க்காரர், சீனர் வாயிலும் புகுந்தது. எங்கள் மளிகைக்கடைச் சீனத் தவுக்கே என்னைக் கண்டாலே கையை உயர்த்தி, “மக்கள் சக்தி!” என்பார். அதற்குமுன் அவர் ஒரு தமிழ்ச் சொல் பேசி நான் கேட்டதில்லை.

2009 அக்டோபரில் அதே பெயரில் ஒரு கட்சி வந்தது. தொடக்கி வைத்தவர் பிரதமர் நஜிப்! எந்தக் கூட்டணியை எதிர்த்துக் கத்தினோமோ, அதன் பக்கமே நின்றது அது. தவுக்கேயிடம் சொன்னேன். மீதிச் சில்லறையை மட்டும் கொடுத்தார்.