பட்டம் செல்லும் வழியும் நிலம் செல்லும் வழியும்: வாலிங்டன் மாளிகையின் பாரனெட் குடிகள்

சென்னை மாகாண வரலாற்றை எழுதுவோர் ஆங்கிலேய அலுவலர் பெயர்களுக்கு முன் நிற்கும் 'சர்' என்னும் அடைமொழியைப் பெரும்பாலும் ஒரே பொருளில் கையாளுகின்றனர். அவ்வடை இருவேறு தகுதிகளைக் குறிக்கும். ஒன்று நைட் பட்டம். அது பெற்றவரோடு முடிவது. மற்றொன்று பாரனெட் பட்டம். அது வழிவழியாகச் செல்வது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் எட்வர்டு டிரெவெலியன் 1848இல் பாத் விருதணியின் நைட் கமாண்டராகியிருந்தார். சென்னை ஆவணங்களில் அவர் பெயருக்கு முன் வரும் 'சர்' அந்த நைட் பட்டத்தினது. அவர் பாரனெட் ஆனது 1874இல், சென்னையை விட்டகன்று பதினான்கு ஆண்டுகள் கழித்தே. தாமஸ் மன்றோவிடத்தும் இவ்வேறுபாடு உண்டு: 1819இல் பெற்ற நைட் பட்டம் அவரோடு மறைந்தது, 1825இல் பெற்ற பாரனெட் பட்டம் 1827இல் அவர் இறந்தபின் மகனுக்குச் சென்றது.

டிரெவெலியன் குடி இத்தகைய மரபுரிமையை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமானது. நார்தம்பர்லாந்துப் பகுதியிலுள்ள அவர்தம் வாலிங்டன் மாளிகை, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஐந்து தனித்தனிப் பாரனெட் பட்டங்களோடு தொடர்புடையதாக இருந்துள்ளது. அவற்றுள் ஒன்றுகூட அம்மாளிகையோடு இறுதிவரை இணைந்து செல்லவில்லை.

பட்டத்தின் இயல்பு

பாரனெட் பட்டத்தை இன்றைய வடிவில் நிறுவியவர் முதலாம் ஜேம்ஸ் மன்னர், ஆண்டு 1611. நோக்கம் பொருளீட்டல். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் முப்பது படைவீரரை மூன்றாண்டுகள் பேணுதற்குரிய 1,095 பவுண்டுத் தொகையைச் செலுத்தும் நிலக்கிழார்க்கு இப்பட்டம் வழங்கப்பட்டது. இதனைப் பெற்றோர் பிரபுக்கள் அவையில் இடம்பெறார். சட்டத்தின்முன் அவர்கள் குடிமக்களே. ஆதலின் இது பெருங்குடிப் பிரபுக்களுக்கும் சிறு நிலவுடைமையாளர்க்கும் இடைப்பட்ட 'ஜென்ட்ரி' என்னும் கிழார்க்குடியின் உச்சத் தகுதியாக நிலைபெற்றது.

பட்டம் யாருக்குச் செல்லும் என்பதை அதனை உண்டாக்கிய அரச பட்டயத்தின் சொற்களே முடிவுசெய்யும். பெரும்பாலான பட்டயங்கள், முதலில் பெற்றவரின் உடல்வழித் தோன்றிய, முறையான மணத்திற் பிறந்த ஆண்மக்கள் வழியினர்க்கு என வரையறுக்கும். இத்தொடரின் ஒவ்வொரு சொல்லும் ஒரு வாயிலை அடைக்கிறது. 'உடல்வழி' என்பது தத்துப்பிள்ளையை விலக்கும். 'முறையான மணம்' என்பது மணவுறவுக்குப் புறத்தே பிறந்தவரை விலக்கும். 'ஆண்மக்கள் வழி' என்பது மகளை மட்டுமன்றி மகள் வயிற்றுப் பேரனையும் விலக்கும். பட்டத்தை உயிலால் எழுதிவைக்க இயலாது, விற்கவும் இயலாது. பிரபுப் பட்டத்தைத் துறக்க 1963ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பாரனெட்டுக்கு அவ்வழியுமில்லை, விரும்பாதவர் பட்டத்தைப் பயன்படுத்தாதிருக்கலாம், அவ்வளவே.

நிலத்தின் இயல்பு வேறு. அதனை விற்கலாம், எழுதிவைக்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம். மூத்த மகன் வழியே நிலம் சிதறாது செல்லவேண்டும் என விரும்பிய குடும்பங்கள் 'என்டெயில்' எனப்படும் கட்டுப்பாட்டை ஆவணத்தால் உருவாக்கின. அக்கட்டு ஒரு தலைமுறை தளர்ந்தாலும் நிலம் வேறுவழி சென்றுவிடும். பட்டமும் நிலமும் ஒரே கையில் இருத்தல் சட்டத்தின் விளைவன்று. குடும்பத்தாரின் இடையறாத முயற்சியின் விளைவு.

மூன்று முறிவுகள்

வாலிங்டனை விற்றவர் சர் ஜான் ஃபென்விக் என்னும் பாரனெட். வாங்கியவர் நியூகாசில் வணிகக்குடியினரான சர் வில்லியம் பிளாக்கெட். மூன்றாம் வில்லியம் மன்னருக்கு எதிரான சதிக்காக ஃபென்விக் 1697இல் தலைவெட்டுண்டபோது அவர் பட்டமும் மறைந்தது. நிலம் அதற்கு முன்பே கைமாறியிருந்தது. பிளாக்கெட் 1685இல் தமக்கெனத் தனியே பாரனெட் பட்டம் பெற்றவர். அவருடைய மகனும் அதே பெயரினர். அவர் 1728இல் இறந்தபோது முறையான மணத்திற் பிறந்த மக்கள் எவரும் இலர். எலிசபெத் ஓர்டு என்னும் மகள் மணவுறவுக்குப் புறத்தே பிறந்தவர். பட்டம் அன்றே அற்றது. ஆயின் அவர் தம் உயிலில் சொத்துகளை எலிசபெத்துக்கு வைத்து இரு நிபந்தனைகளை விதித்தார்: தம் உடன்பிறந்தாள் ஜூலியாவின் மகனாகிய வால்டர் கால்வர்லியை அவர் மணக்கவேண்டும், வால்டர் பிளாக்கெட் என்னும் குடிப்பெயரை ஏற்கவேண்டும். 1729இல் மணம் நடந்தது.

ஆங்கில நூல்கள் இம்மணத்தை 'கசின்' திருமணம் என்று பொதுவாகக் கூறிச் செல்லும். தமிழ் உறவுமுறைச் சொற்களால் நோக்கினால் செய்தி துலங்குகிறது. வால்டர் மணந்தது மாமன் மகளை, அதாவது முறைப்பெண்ணை. பெண்வழி வெளியே சென்ற உரிமை, மருமகன் மீண்டும் மாமன் மகளை மணப்பதால் வீட்டுக்குத் திரும்புகிறது. தமிழகச் சிற்றூர்களில் நிலம் வெளியே போகாதிருக்கச் சொல்லப்படும் அதே நியாயத்தை இங்கு ஓர் ஆங்கிலேய உயில் ஆற்றுகிறது. இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டுதல் பொருந்தாது. ஆங்கிலேயரிடை முறைப்பெண் மணம் ஒரு விதியன்று, இங்கு அது ஒரு தனிமனிதரின் ஏற்பாடு.

வால்டர் 1749இல் தம் தந்தை வழியே கால்வர்லி பாரனெட் ஆனார். அதன்பின் ஆவணங்களில் அவர் 'சர் வால்டர் பிளாக்கெட், பாரனெட்' எனக் காணப்படுகிறார். இப்பெயரைக் காண்போர் அவரைப் பிளாக்கெட் பட்டத்தின் வாரிசு எனக் கொள்வது எளிது, அது பிழை. பெயர் மாமனுடையது, பட்டம் தந்தையுடையது. 1673இல் உண்டான மற்றொரு பிளாக்கெட் பட்டம் வேறொரு கிளையில் அக்காலத்தே வழங்கிவந்தது குழப்பத்தை மேலும் மிகுவிக்கும்.

1777இல் அவரும் மக்களின்றி இறக்கவே, 1711இல் தொடங்கிய கால்வர்லி பட்டம் அற்றது. வாலிங்டன் அவருடைய உடன்பிறந்தாளின் மகனுக்குச் சென்றது. அவ்வுடன்பிறந்தாள் பெயரும் ஜூலியா. அவர் சமர்செட் பகுதி நெட்டில்கம்பைச் சேர்ந்த டிரெவெலியன் குடியில் மணம் புகுந்தவர். அவர் மகனாகிய சர் ஜான் டிரெவெலியன், 1662இல் உண்டான நெட்டில்கம் பட்டத்தின் நான்காம் பாரனெட். ஆக, வாலிங்டன் இரு தலைமுறைகளில் தாயும் மகளுமாகிய இரு ஜூலியாக்களின் வழியாகவே நகர்ந்தது. இரு பட்டங்களும் அவ்விடங்களிலேயே அற்றன.

ஒரு சொல், இரு முறைகள்

மேற்கண்ட இரு வாரிசுகளையும் ஆங்கிலம் 'நெவ்யூ' என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. உடன்பிறந்தான் மகனையும் அச்சொல்லே குறிக்கும். தமிழில் முன்னவன் மருமகன். பின்னவன் மகன்முறையினன், பங்காளி. பாரனெட் பட்டச் சட்டம் தான் வழங்கும் மொழியில் இல்லாத இவ்வேறுபாட்டை முற்றாகக் கடைப்பிடிக்கிறது: பட்டம் பங்காளிக்குச் செல்லும், மருமகனுக்கு ஒருபோதும் செல்லாது. மெக்காலேயின் பிரபுப் பட்டம் இதற்கு மற்றொரு சான்று. 1857இல் பெற்ற அப்பட்டம், மணமாகாத அவர் 1859இல் இறந்ததும் அற்றது. அவருடைய உடன்பிறந்தாள் ஹன்னா சார்லஸ் டிரெவெலியனின் மனைவி. அவர்கள் மகன் ஜார்ஜ் ஓட்டோ, மாமனுடைய வாழ்க்கை வரலாற்றை 1876இல் எழுதி வெளியிட்டார். மாமன் பட்டத்தில் அவருக்கு ஒரு சிறு பங்கும் இல்லை. 'நெவ்யூ' என்பதனை ஆராயாது 'மருமகன்' என்றோ 'அண்ணன் மகன்' என்றோ பெயர்ப்பவர், மரபுரிமையின் போக்கையே தலைகீழாக்கிவிடக் கூடும்.

1879ஆம் ஆண்டுப் பிரிவினை

நான்காம் பாரனெட்டின் பேரனாகிய சர் வால்டர் கால்வர்லி டிரெவெலியன் ஆறாம் பாரனெட்டாக நெட்டில்கம், வாலிங்டன் இரண்டையும் உடையவராயிருந்தார். மக்களின்றி 1879இல் அவர் மறைந்தபோது பட்டமும் நெட்டில்கம்மும் தம்பி மகனாகிய ஆல்பிரட் வில்சன் டிரெவெலியனுக்குச் சென்றன. வாலிங்டனையோ அவர் உயிலால் சார்லஸ் எட்வர்டு டிரெவெலியனுக்கு வைத்திருந்தார். இருவர் தந்தையரும் உடன்பிறந்தோர். சார்லஸ், வால்டருக்குச் சிற்றப்பன் மகன். நெட்டில்கம் பட்டத்தின் வாரிசு வரிசையிலும் அவர் நின்றார். ஆனால் அவருக்கு முன் ஆல்பிரட் நின்றார். பங்காளிகளுள் யார் முன்னர் என்பதைப் பட்டம் கணக்கிட்டது; யார் தக்கார் என்று நிலவுடையவர் தாமே தெரிந்தெடுத்தார்.

இங்கு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. சார்லஸுக்கு 1874இல் வழங்கப்பட்ட புதிய பாரனெட் பட்டம் 'நார்தம்பர்லாந்திலுள்ள வாலிங்டனைச் சார்ந்த' என்னும் இடப்பெயர் அடையுடன் அமைந்தது. அப்போது வாலிங்டன் அவருடையதன்று. பட்டத்திலுள்ள இடப்பெயர் உடைமைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. ஐந்தாண்டுகளின் பின்னரே அடையும் நிலமும் ஒன்றாயின.

நெட்டில்கம் கிளையிலும் பிரிவு பின்னர் நேர்ந்தது. எட்டாம் பாரனெட்டுக்குப் பிறகு பட்டம் ஆண்வழி உறவினர்க்கும், மாளிகை மகள்வழி வுல்ஸ்லி குடியினர்க்கும் சென்றன.

நிலமற்ற பட்டம்

சார்லஸ் 1886இல் மறைய, ஜார்ஜ் ஓட்டோ இரண்டாம் பாரனெட்டானார். அவர்தம் மக்கள் மூவருள் இளையவர் வரலாற்றறிஞர் ஜார்ஜ் மெக்காலே டிரெவெலியன். நடுவர் கவிஞர் ராபர்ட் கால்வர்லி. இரு பெயர்களும், பட்டம் கடத்த மறுத்த பெண்வழி உறவுகளைப் பெயரளவில் காத்து நிற்கின்றன. மூத்தவரான சார்லஸ் பிலிப்ஸ் 1928இல் மூன்றாம் பாரனெட்டாகி வாலிங்டனையும் பெற்றார். தொழிற்கட்சி அமைச்சரவைகளில் கல்வித்துறைத் தலைவராயிருந்த அவர் சமதருமக் கொள்கையர். 1941இல் மாளிகையையும் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலத்தையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுடைமைக் காப்பு அமைப்புக்கு அளித்துத் தம் வாழ்நாள் உரிமையை மட்டும் நிறுத்திக்கொண்டார். அளிக்கக்கூடியதை அளித்தார், பட்டத்தை அளிக்கவோ அழிக்கவோ அவருக்கு அதிகாரமில்லை. உடைமை கூடாதென்ற கொள்கையர் வாழ்நாள் முழுதும் அம்மாளிகையிலேயே கிழாராக வாழ்ந்ததும் எண்ணத்தக்கதே.

அவருடைய மூத்த குழந்தை 1905இல் பிறந்த மகள் பாலின். தேசியப் பூங்காக்கள் குறித்து 1945இல் அறிக்கை அளித்த ஜான் டவரின் மனைவியாகிய அவருக்குப் பட்டத்தில் இடமில்லை. அடுத்த ஆண்டு பிறந்த தம்பி ஜார்ஜ் லோதியனே 1958இல் நான்காம் பாரனெட்டானார். தந்தையின் கொடையால் மகன் இழந்தது ஒரு மாளிகையும் ஒரு பெருநிலமும். அவர்க்கு வந்தது பெயருக்கு முன் நிற்கும் ஓரடைமொழி மட்டுமே. அவர் ஷ்ராப்ஷயரில் அட்டிங்கம் பார்க்கில் முதியோர் கல்விக் கல்லூரியின் தலைவராக 1948 முதல் 1971 வரை பணியாற்றினார். அவருக்குத் தத்தெடுத்த மகள் ஒருவர் உண்டு. 1996இல் அவர் இறந்தபோது, 'உடல்வழி', 'ஆண்மக்கள்' ஆகிய இரு சொற்களும் அம்மகளை விலக்கின. பட்டம் தம்பி ஜெஃப்ரிக்குச் சென்றது. வாலிங்டனைச் சார்ந்த பாரனெட் என்னும் பெயர், வாலிங்டனில் ஒரு சாண் நிலமும் வழியுரிமையாகப் பெறாத ஒருவரிடம் அவ்வாறு சேர்ந்தது.