மறதியென்று தப்பிவிடும் வலிப்பு

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெரியவரின் கை அப்படியே நின்றுவிடுகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. பேந்தப் பேந்த விழிக்கிறார், உதட்டைச் சப்புகிறார். ஓரிரு நிமிடத்தில் அது தீர்ந்தாலும், எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் அவருக்குச் சில மணி நேரம்கூட நீடிக்கிறது. "வயசாயிடுச்சு, மறதி" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ஆனால், அது வலிப்பாக இருக்கலாம். கீழே விழுந்து, கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நாம் நம்பியிருப்பதால் முதியவர்கள் பலர் சிகிச்சையின்றி மாதக்கணக்கில் தவிக்கிறார்கள்.

அறுபதுக்கு மேல் புதிதாக வரும் வலிப்புக்கு முதன்மைக் காரணம் பக்கவாதம். ரத்த ஓட்டம் தடைபட்டு மூளையில் ஏற்படும் தழும்பைச் சுற்றியுள்ள நரம்பணுக்கள் பல மாதங்கள் கழித்தும் கட்டுமீறி மின்துடிப்புகளை வெளியிடக்கூடும். அல்சைமர் நோய், மூளைக் கட்டி, தலையில் அடிபட்டு உள்ளே தேங்கிய ரத்தம் ஆகியவையும் காரணமாகலாம்.

இன்னொரு காரணத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் தயசைடு வகை மாத்திரைகள் சிலருக்கு ரத்தத்தின் சோடியத்தைக் குறைத்துவிடும். "உப்பு குறைஞ்சுபோச்சு" என்று வீடுகளில் சொல்கிறோமே, அதுதான். சோடியம் மிகவும் இறங்கினால் வலிப்பு வரும். நீரிழிவு மருந்தால் சர்க்கரை அளவு தாழ்ந்தாலும் அப்படியே. இவற்றைச் சரிசெய்தாலே போதும்; ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. அதனால்தான் ஸ்கேனுக்கு முன்பே எளிய ரத்தப் பரிசோதனை முக்கியமாகிறது.

மூளையிலேயே காரணம் இருந்தால் மருந்து வேண்டும். முதியவர்களில் பெரும்பாலானோருக்குக் குறைந்த அளவிலேயே வலிப்பு கட்டுப்படுகிறது என்பது உண்மையிலேயே நல்ல செய்தி. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்தைவிட லாமோட்ரிஜினை முதியவர்கள் நன்றாகத் தாங்கிக்கொண்டனர். லெவெடிராசெட்டமும் இன்று பரவலாகத் தரப்படுகிறது; சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரலாம், சிறுநீரகத்தின் திறனுக்கேற்ப அளவைக் குறைக்க வேண்டும். ஃபெனிடாயின் எலும்பைப் பலவீனமாக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளோடு மோதும். எதையும் திடீரென நிறுத்தக் கூடாது.

கைகால் இழுக்கும்போது இரும்புச் சாவியைக் கையில் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108ஐ அழையுங்கள். இரண்டு வலிப்புகளுக்கு இடையே எடுத்த, மூளையின் மின்துடிப்பைப் பதியும் ஈஇஜி பரிசோதனை சரியாகவே இருக்கலாம். அதனால் வலிப்பில்லை என்று ஆகிவிடாது. வலிப்பு வரும்போது யாராவது ஒருவர் கைபேசியில் எடுத்த அரை நிமிடக் காணொளி நரம்பியல் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.