சுவருக்கு வெள்ளை, பொருளுக்கு வண்ணம்

பொங்கல் நெருங்கினால் வணிகர் வீடுகளிலும் வெள்ளையடிக்கும் பேச்சு எழும். இந்த முறை என்ன வண்ணம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதில் எங்கள் வீட்டில் பட்ட பாட்டைச் சொன்னால் அன்பர்களுக்குப் பயன்படும் என்றே இதை எழுதுகிறோம்.

மகள் திருமணத்தையொட்டிக் கூடத்துக்கு அடர்பச்சையும் அரக்குச் சிவப்புமாகப் பூசினோம். வந்தவர்கள் பாராட்டினார்கள். அடுத்த மழையில் ஒரு மூலையில் ஓதம் ஏறிப் பூச்சு உரிந்தது. அந்த இடத்தை மட்டும் பூசினால் புது நிறம் பழைய நிறத்தோடு சேரவில்லை. நான்கு சுவரையும் மறுபடி பூச வேண்டியதாயிற்று. பருப்பு மில்லுக்கு வாரம் தவறாமல் கொடுத்துவந்த பணம் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. வியாபாரிக்குச் சொன்ன நாள் தவறுவது எவ்வளவு பெரிய குறை என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் காரைக்குடிப் பக்கத்து வீடுகள் நினைவுக்கு வந்தன. பர்மா, இலங்கை, மலாயா சென்று பொருளீட்டிய நகரத்தார் கட்டியவை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகிட்ட வெள்ளைச் சுவர்களை அங்கே பல வீடுகளில் காணலாம். வண்ணம் தரையில், ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும். கண்ணாடியின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டைப் பூவேலையாக ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. சூளையில் சுடுவதில்லை; பளபளப்பு கண்ணாடி தந்தது. தரையில் அத்தனை வண்ணமிருந்தும் கண் கூசாததற்குக் காரணம் சுற்றியுள்ள வெள்ளைதான். தமிழ் வணிகர்களின் இந்தச் செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

யோசித்தால் இது நம் கடைக் கணக்குதான். அரிசி, பருப்பு, சர்க்கரை தினம் போகும் சரக்கு. முதலின் பெரும்பகுதி அதில் இருக்கும். பொரியும் பொட்டுக்கடலையும் ஆயுத பூஜைக்கு அளவாக வாங்கி, அளவாக வைத்து விற்பவை. பண்டிகைச் சரக்கில் முழு முதலையும் போடுபவர் உண்டா? வீட்டில் சுவர் தினச் சரக்கு. வண்ணம் பண்டிகைச் சரக்கு.

ஆகவே சுவருக்கு வெள்ளை, சந்தன நிறம், வெளிர் சாம்பல் இவற்றில் ஒன்று போதும். வெளிர் நிறம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். கடைக்குப் பின்னால் ஒடுங்கிய வீட்டில் குடியிருப்போருக்குப் பகல் விளக்குச் செலவும் குறையும். ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, பிறகே பூச வேண்டும். வண்ணத்துக்குப் பவானி ஜமுக்காளம் ஒன்று, பத்தமடைப் பாய் ஒன்று, சன்னலுக்குக் கைத்தறித் திரை என்று வாங்கலாம். அலுத்தால் மாற்றலாம்; அழுக்கானால் துணியைத் துவைக்கலாம். வாங்கும் பணமும் நம்மைப் போன்ற சிறு வியாபாரிக்கும் நெசவாளிக்கும் போய்ச் சேரும்.

இப்போது எங்கள் கூடம் சந்தன நிறத்தில் இருக்கிறது. நடுவில் சிவப்புப் பட்டை போட்ட ஜமுக்காளம். மகள் பிள்ளைகளோடு வந்தால் முதலில் அதன்மேல்தான் உட்காருகிறாள். மில்லுக்குப் பணமும் நாள் தவறாமல் போகிறது.