நாற்பத்து மூன்று வயதில் அழகுக்கலை

நம் சங்கத்தின் மகளிர் பிரிவு கூடும்போதெல்லாம் இரண்டு மூன்று பேராவது என்னைத் தனியே அழைத்து, "இந்த பியூட்டிஷியன் படிப்பை எங்கே படித்தீர்கள்? நம் வயதில் சேர்த்துக்கொள்வார்களா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்வதை ஒரே முறையாக எழுதிவிடலாமே என்றார் ஆசிரியர். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

மும்பையில் ஒரு தனியார் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஸ்டெனோவாக இருந்தேன். 2017இல் அலுவலகத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கணக்கைத் தீர்த்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது வயது 43. பெண் பத்தாம் வகுப்பு. சுருக்கெழுத்துக்கு இன்று யார் சம்பளம் தருகிறார்கள்? கையில் இருந்த பணம் பெண்ணின் கல்லூரிக்குப் போக மிஞ்சாது. ஆறு மாதம் வேலை தேடிவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினேன்.

முதலில் படிப்பைப் பற்றி. அரசு ஐ.டி.ஐ.க்களில் 'பேஸிக் காஸ்மெட்டாலஜி' என்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. பத்தாவது தேறியிருந்தால் போதும். கட்டணம் குறைவு, சான்றிதழுக்கு நாடு முழுவதும் மதிப்பு உண்டு. அதிகம் படிக்காத சகோதரிகளுக்கு ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் என்ற மத்திய அரசுத் திட்டம் பல மாவட்டங்களில் நடக்கிறது. ஆனால் அங்கே வயது வரம்பு 45. ஆகவே யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். பெரிய அழகு நிலையக் கம்பெனிகள் நடத்தும் பயிற்சிப் பள்ளிகள் தனி. சிடெஸ்கோ என்ற சர்வதேச டிப்ளமாவும் உண்டு. ஜூரிச்சைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த அமைப்பு 1946இல் தொடங்கியது. அதற்குச் செலவு அதிகம். வெளிநாட்டிலோ கப்பலிலோ வேலை தேடும் இளம் பெண்களுக்கு அது உதவும்; வீட்டருகே பார்லர் வைக்க நினைக்கும் நமக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

எங்கே சேர்ந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: உண்மையான வாடிக்கையாளர்கள் மீது எத்தனை மணி நேரம் கை பழக விடுவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள். சில இடங்களில் பொம்மைத் தலையை மட்டும் கொடுத்துச் சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. என்னை 'ஆண்ட்டி' என்றார்கள். கண்ணாடி இல்லாமல் எனக்குப் புருவ முடி தெரியாது. ஆனால் பாடம் என்று வந்தபோது நான் பின்தங்கவில்லை. இது பவுடர் பூசும் படிப்பு என்று நினைப்பவர்கள் முதல் மாதத்திலேயே திகைத்துப் போவார்கள். தோலின் மேலடுக்கு, அதன் உள்ளடுக்குகள், அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும் என்பது, தோல் லேசான அமிலத் தன்மையும் நாம் தேய்க்கும் சோப்பு காரத் தன்மையும் கொண்டவை என்பது, இவையெல்லாம் பரீட்சைக்கு வரும். இந்தக் கணக்குத் தெரிந்தால், 'ஒரே ஃபேஷியலில் நிறம் மாறும்' என்ற விளம்பரத்தை நம்பத் தோன்றாது. தோலின் நிறத்தை எந்த ஃபேஷியலும் மாற்றாது. கல்யாணப் பெண்ணை அழைத்து வந்து, "கொஞ்சம் சிவப்பாக்குங்கள்" என்று கேட்கும் தாய்மார்களிடம் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். இரண்டொருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனதும் உண்டு.

இதைவிடப் பெரிய தொல்லை ஸ்டீராய்டு கலந்த களிம்பு. மருந்துக் கடையில் வாங்கி மாதக் கணக்கில் பூசியிருப்பார்கள். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. அந்த முகத்தில் நாம் கை வைக்கக் கூடாது. தோல் மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். எதைச் செய்யக் கூடாது என்பதுதான் இந்தப் படிப்பில் பாதி என்று சொல்லுவேன். சர்க்கரை நோயாளிகளின் காலில் கத்தி, பிளேடு படக் கூடாது. நரம்பு சுருண்டு புடைத்த காலில் வாக்ஸ் போடக் கூடாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவருக்கு வாக்ஸ் போட்டால் மேல் தோல் உரிந்து வரும். தலைச் சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார்க்க வேண்டும், கருஞ்சாயத்திலுள்ள பி.பி.டி. என்ற பொருள் சிலருக்கு முகமே வீங்கும்படி ஒவ்வாமை உண்டாக்கும்.

கை பழகுவதில் கடினமானது திரெடிங். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்வதுதான் பழைய முறை. சுத்தம் கருதி நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்கிறேன். முதல் மூன்று வாரம் என் கால் முடியிலேயே பழகினேன். முறுக்கிய நூல் முடியை வெட்டாமல் வேரோடு பிடுங்க வேண்டும். கோணம் தவறினால் தோலைக் கிள்ளிவிடும்.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்றும் கேட்கிறீர்கள். என் மாமியார் திருநெல்வேலிப் பக்கம். "ஊரார் காலைப் பிடித்துக் கழுவவா தாயீ நீ படித்தாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் இருப்பது காலின் அழுக்கு மட்டுமல்ல, சாதி என்பது நம் எல்லாருக்கும் தெரியும். நம் ஊரில் முடி திருத்திய குடும்பங்களுக்கு மருத்துவர் என்றும் பெயர். அந்த வீட்டுப் பெண்கள்தான் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தார்கள். நம்மைப் பூமியில் இறக்கிய கைகளைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாம். இதை அத்தையிடம் நேராகச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. இன்றும் ஊரிலிருந்து போன் வந்தால், "மருமகள் சொந்தமாக பிசினஸ் செய்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். என் மராத்திய வாடிக்கையாளர்களும் என்னை 'தாயி' என்றுதான் அழைக்கிறார்கள். அவர்கள் மொழியில் அக்கா என்று பொருள்.

சினிமாவில் மேக்கப் கலைஞராக வேண்டும் என்று ஆசைப்படும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதே மும்பையில் திரைத்துறை ஒப்பனைச் சங்கம் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் அட்டை தராமல், தலை அலங்காரத்தோடு நிறுத்தி வைத்திருந்தது. சாரு குரானா என்பவர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்த்தது. கதவு திறந்தது அப்போதுதான்.

இனி பணம். படிப்பு முடித்து ஒரு வருடம் பிறர் பார்லரில் சொற்பச் சம்பளத்துக்கு இருந்தேன். அந்த ஒரு வருடம் அவசியம். 2019 கடைசியில் வீட்டின் முன்னறையில் ஒரு நாற்காலி போட்டேன். மார்ச்சில் ஊரடங்கு! 2020 ஜூன் 28இல் மகாராஷ்டிரத்தில் சலூன்களைத் திறக்க அனுமதித்தபோதும் முடிவெட்டு, சாயம், வாக்ஸ், திரெடிங் மட்டும்தான். ஃபேஷியல் போன்ற தோல் சிகிச்சைக்கு அனுமதியில்லை. அந்த மாதங்களில் திரெடிங் நூல்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. ஃபேஷியல் மட்டும் கற்றவர்கள் தவித்தார்கள். ஆகவே முடி, தோல் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள்.

கடன் வேண்டுமானால் முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் ரூ. 50,000 வரை வங்கியில் அடமானம் இல்லாமல் கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் நம்முடையது போன்ற சிறு கடைக்கு, 2017ஆம் வருடச் சட்டப்படி பதிவு தேவையில்லை. தகவல் கொடுத்தால் போதும். வருட வரவு ரூ. 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டாம். ஹவுசிங் சொசைட்டியிடம் மட்டும் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்; வாய் வார்த்தை அடுத்த கமிட்டி வந்ததும் காற்றில் போய்விடும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் நின்று செய்கிற வேலை. மணிக்கட்டும் இடுப்பும் நாற்பதுக்கு மேல் சொன்னபடி கேட்காது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நாற்காலிக்கு முதலில் செலவழியுங்கள். நிலைக்கண்ணாடியும் விளக்கு அலங்காரமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாதத்தில் முதல் ஞாயிறு மாலை நான் கடை திறப்பதில்லை. படிப்பில் சேர நினைப்பவர்கள் அன்று வீட்டுக்கு வந்தால், என் பாடக் குறிப்பு நோட்டுகளைப் பார்க்கலாம். நூலைப் பிடித்தும் பார்க்கலாம்.