விடுதியில் ஒரு கணக்கு

பொறியியற் கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் பழைய மாணவன் ஒருவன் தீபாவளி விடுமுறைக்கு ஊர் வந்திருந்தான். பள்ளியில் கணக்கிலே முதல்வனாக விளங்கியவன். "நாள்தோறும் நெடுநேரம் படிக்கின்றேன், ஐயா, நுண்கணிதம் விளங்கவில்லை. படிப்பை விட்டுவிடலாமா?" என்றான். "யாருடன் அமர்ந்து படிக்கின்றாய்?" என்று கேட்டேன். தனியே என்றான்.

நேயர்களே, நான் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பார், கறுப்பின மாணவர் இருபதின்மரும் சீன மரபினர் இருபதின்மரும் நுண்கணிதம் பயிலும் முறையை உடனிருந்து கவனித்தார். முன்னவர் பலர் பின்தங்கியதற்கு ஊக்கக் குறைவே காரணம் என ஆசிரியர் பலர் எண்ணியிருந்தனர். அது பிழை. அவர்கள் கடுமையாகவே உழைத்தனர். ஆனால் தனித்து உழைத்தனர். சீன மாணவரோ தனியே படித்தபின் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவற்றை மற்றவர் திருத்தினர். எவருக்கும் வராத கணக்கு, கணக்கே கடினம் என்பதைக் காட்டிவிடும். தனித்திருப்பவன் தன் அறிவையல்லவா ஐயுறுவான்?

டிரைஸ்மன் பின்னர்க் குழுப் பயிற்சி அமைத்தார். அதில் எளிய கணக்குகளைக் கொடுக்கவில்லை, கடினமானவற்றையே கொடுத்தார். நல்ல ஆசிரியர்! பயின்றோர் நன்கு தேறினர்.

என் மாணவனும் விடுதித் தோழர் மூவரைச் சேர்த்துக்கொண்டான். ஒருவன் கணக்கை விளக்க, மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்பர். நாளை வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் அதுவே பழக்கம். முதற் பருவத்தில் அவன் நுண்கணிதத்தில் தேறவில்லை. அரியர் தாளை அடுத்த பருவத்தில் எழுதித் தேறினான்.