டொமைன் யார் பெயரில்? ஓசூர் தொழில்முனைவோர் சரிபார்க்க வேண்டிய ஒரு விஷயம்

ஓசூர் சிப்காட்டைப் பதிவு அலுவலக முகவரியாகக் கொண்ட டைட்டன் நிறுவனம், 1998-ல் டெல்லி உயர் நீதிமன்றப் படியேறியது. தன் நகை பிராண்டான தனிஷ்க்கின் பெயரை வேறொருவர் இணைய முகவரியாகப் பதிந்து வைத்திருந்ததுதான் வழக்கு. அந்தப் பெயரை எதிர்த்தரப்பு இணையத்தில் பயன்படுத்த நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இந்தியாவில் டொமைன் பெயருக்காக நடந்த தொடக்ககால வழக்குகளில் இதுவும் ஒன்று.

டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம் அது. டெல்லிவரை போய் வழக்காட அதற்கு வசதி இருந்தது. அதே ஓசூரில் சிட்கோ ஷெட்டில் நான்கு சிஎன்சி இயந்திரம் ஓட்டுகிறவருக்கோ, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவருக்கோ அந்த வசதி கிடையாது. இவர்களுக்கு வரும் சிக்கலும் வேறு. யாரோ முன்பின் தெரியாதவர் வந்து பெயரைப் பிடித்துக்கொள்வதில்லை. காசு வாங்கிக்கொண்டு வெப்சைட் செய்து கொடுத்தவரே, டொமைனைத் தன் பெயரில் பதிந்துகொள்கிறார்.

எப்படி நடக்கிறது?

பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான். பெரிய கம்பெனியில் வெண்டாராகப் பதிவதற்கு வெப்சைட்டும், கம்பெனி பெயரிலேயே மெயில் ஐடியும் இருந்தால் நல்லது என்று யாராவது சொல்கிறார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு; டிசைனருக்குப் பஞ்சமில்லை. “டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நாங்களே பாத்துக்கறோம் சார். நீங்க லோகோவும் மெஷின் போட்டோவும் வாட்ஸ்அப்ல அனுப்பினா போதும்” என்கிறார் அவர். முதலாளிக்கும் நிம்மதி.

பிறகு பில் வருகிறது. மேலே 29-ல் தொடங்கும் கர்நாடக ஜிஎஸ்டி எண், கீழே 33-ல் தொடங்கும் நம் எண், 18 சதவீத ஐஜிஎஸ்டி. நடுவே ஒரே வரி: ‘வெப்சைட் டிசைன், டொமைன், ஹோஸ்டிங் - ஓர் ஆண்டு’. டொமைன் யார் பெயரில் பதியப்பட்டது, எந்த ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்), எந்த மெயில் ஐடியில் என்று அந்த வரி சொல்வதில்லை. பணம் கொடுத்தோம், ஆகவே நம்முடையது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ரெஜிஸ்ட்ராரின் பதிவேடு பில்லைப் பார்ப்பதில்லை. பதிவுதாரர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் அதற்கு உரிமையாளர்.

எவையெல்லாம் கையில் இருக்க வேண்டும்?

வெப்சைட் என்று நாம் ஒன்றாகச் சொன்னாலும் அதில் நான்கு தனித்தனி சரக்கு இருக்கிறது. முதலாவது, டொமைன் என்கிற பெயர். இரண்டாவது, பக்கங்கள் குடியிருக்கும் ஹோஸ்டிங் கணக்கு. மூன்றாவது, மெயில். நான்காவது, பக்கங்களின் கோடு, எழுத்து, படங்கள்.

இவற்றில் டொமைன்தான் தலை. ஹோஸ்டிங் போனால் வேறு சர்வருக்கு மாறலாம். பக்கங்கள் போனால் திரும்பச் செய்யலாம். டொமைன் கைவிட்டுப் போனால் மெயிலும் சேர்ந்து போகும். கொட்டேஷன் கேட்டு வரும் கடிதம், பர்ச்சேஸ் ஆர்டர், வாடிக்கையாளர் நம்பி அனுப்பும் டிராயிங் எல்லாம் அந்த மெயிலுக்குத்தான் வருகின்றன. காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கினால், அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை அவரால் வாங்க முடியும். உங்கள் பெயரில் கடிதம் அனுப்பவும் முடியும். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று ஒரு கடிதம் போனால் போதும், வர வேண்டிய பணம் வேறு பக்கம் போய்விடும்.

புதுப்பிக்காமல் விட்டால்?

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் ‘பாஸ்போர்ட் டாட் காம்’ பெயரைப் புதுப்பிக்கத் தவறியதால், ஹாட்மெயில் பயனாளர்கள் உள்ளே நுழைய முடியாமல் திண்டாடினார்கள். கட்டணத்தைக் கட்டியவர் அந்த நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர்.

டாட் காம் போன்ற பெயர்களுக்கு விதிகளை வகுப்பது ஐகான் என்ற சர்வதேச அமைப்பு. காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்கிறது அதன் விதி. பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதுவும் கடந்தால் ஐந்து நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். பாதுகாப்பு போதுமானதுதான். ஆனால் நினைவூட்டல் போவது பதிவில் உள்ள மெயிலுக்கு. அது டிசைனருடையதாக இருந்து, அவர் தொழிலையே விட்டுப் போயிருந்தால், உங்களுக்குத் தகவல் வராது. மாங்கூழ் சீசனான ஜூன், ஜூலையிலோ, ஓசூர் ரோஜாவுக்கு ஏற்றுமதி சூடுபிடிக்கும் பிப்ரவரித் தொடக்கத்திலோ தளம் இறங்கினால், வெளிநாட்டு பையர் காத்திருக்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

டொமைனுக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, பெங்களூரைச் சேர்ந்த சிஃபிநெட் மீது தொடுத்த வழக்கில், 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவு கொடுத்தது. டொமைன் வெறும் முகவரி மட்டுமல்ல, வணிக அடையாளமும்கூட. வர்த்தக முத்திரைக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் பொருந்தும் என்றது.

டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற அமைப்பு. அவற்றுக்கான தகராறுகளை நடுவர் தீர்க்கும் முறை 2005 முதல் இருக்கிறது. டாட் காமுக்கு இருப்பது 1999-ல் வந்த ஐகான் முறை. இரண்டும், அடுத்தவர் பெயரைக் கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைப்பவர்களுக்கு எதிரானவை. டிசைனருக்கும் உங்களுக்கும் இடையிலான பணத் தகராறு என்றால், அது ஒப்பந்தப் பிரச்சினை, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று நடுவர்கள் ஒதுங்கிவிடுவது வழக்கம். எல்லைப் பகுதிக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘வழக்குகள் பெங்களூரு நீதிமன்றத்துக்கு உட்பட்டவை’ என்ற வரி இருந்தால், வாய்தாவுக்கு நீங்கள்தான் அங்கே அலைய வேண்டிவரும்.

உள்ளடக்கத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ம் பிரிவின்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சொந்தம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சொன்னவருக்கே சொந்தம். வெளியாள் எழுதிய கோடும் எழுத்தும் அப்படியல்ல. அவர் எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுக்கும்வரை அவருக்கே சொந்தம். மாற்றிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால், 19-ம் பிரிவின்படி அது ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும்.

என்ன செய்யலாம்?

ஓசூரில் யாருக்கும் இதைப் புரியவைக்கச் சிரமமில்லை. ஜாப் ஒர்க்குக்கு டை அனுப்பும்போது சலான் போட்டு அனுப்புகிறோம். டை அவர் பட்டறையில் கிடந்தாலும் நம்முடையது. வெப்சைட் வேலைக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

முதலில், ரெஜிஸ்ட்ரார் கணக்கைக் கம்பெனி பெயரில், கம்பெனி கட்டுப்பாட்டில் உள்ள மெயில் ஐடியிலும் முதலாளியின் மொபைல் எண்ணிலும் திறக்க வேண்டும். அந்த மெயில் ஐடி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால், அதை மீட்க வரும் பாஸ்வேர்டு மெயிலும் முடங்கிவிடும். டிசைனருக்குத் துணைப் பயனாளர் அனுமதி போதும்.

ஏற்கெனவே அவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது. டாட் காம் பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவையான குறியீட்டை, கேட்ட ஐந்து நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் தர வேண்டும். ஆனால் பதிவுதாரர் கேட்டால்தான் தருவார். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் கணக்கு மாற்றுவது இன்னும் சுலபம்.

ஒப்பந்தத்தில் மூன்று வரி சேருங்கள்: டொமைனும் ஹோஸ்டிங்கும் கம்பெனி பெயரில், கோடு, எழுத்தின் பதிப்புரிமை முழுவதும் கம்பெனிக்கு, வேலை முடிந்ததும் முழு பேக்கப் ஒப்படைப்பு. பெயரை வர்த்தக முத்திரையாகவும் பதிந்துவிட்டால் வழக்கில் கை ஓங்கும். உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு ரூ.4,500 கட்டணம், மற்ற நிறுவனங்களுக்கு ரூ.9,000.

ஒரு டொமைனை ஒரே தடவையில் பத்து ஆண்டுவரை பதிந்துகொள்ளலாம். ரெஜிஸ்ட்ரார் தளத்தில் உங்கள் மெயில் ஐடியைப் போட்டு உள்ளே போக முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முடியவில்லை என்றால், அடுத்த ரின்யூவல் பில்லைக் கட்டும் முன் டிசைனருக்கு போன் போடுங்கள்.