எந்தப் பனி உருகினால் கடல் உயரும்?

"துருவப் பனி உருகுவதால் கடல் மட்டம் உயர்கிறது." இந்த வரியை நம் மாணவர்கள் தேர்வில் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். எந்தப் பனி உருகினால் கடல் உயரும், உயர்ந்தால் திண்டுக்கல்லுக்கு என்ன என்று கேட்டுப் பாருங்கள்; வகுப்பு அமைதியாகிவிடும்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. கடல் மட்டத்திலிருந்து ஊரின் உயரம் ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் எழுதப்பட்டிருக்கும். திண்டுக்கல் 250 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உலகின் நிலப்பனி முழுவதும் உருகினாலும் கடல் ஏறுவது 65 முதல் 70 மீட்டர் வரைதான். மலைக்கோட்டை அடிவாரத்துக்குக்கூட அலை வராது. அப்படியானால் நமக்குக் கவலை இல்லை என்று மாணவர் முடிவு செய்துவிடலாம். அந்த முடிவு ஏன் தவறு என்பதை வகுப்பறையிலேயே காட்ட முடியும்.

இரண்டு டம்ளர்கள்

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் நீர் ஊற்றி ஐஸ் கட்டிகளை மிதக்க விடுங்கள். இரண்டாவதில் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி ஒரு கல்லை வைத்து, அதன் மேல் ஐஸ் கட்டிகளை அடுக்குங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறியுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு பாடவேளை போதும். முதல் டம்ளரில் மட்டம் மாறியிருக்காது, இரண்டாவதில் ஏறியிருக்கும்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே இடம்பெயர்த்துவிடுகிறது என்ற ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான் இது. வட துருவத்தில் ஆர்க்டிக் கடலின் மேல் மிதக்கும் பனி முதல் டம்ளர். கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் இரண்டாவது டம்ளர். அங்கே பனி நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் குவிந்திருக்கிறது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல் ஏறத்தாழ 7 மீட்டரும், அண்டார்டிகப் பனி உருகினால் ஏறத்தாழ 58 மீட்டரும் உயரும். இது ஓரிரு தலைமுறையில் நடப்பதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அச்சமூட்டுவது நம் நோக்கமன்று.

தடுப்பாக நிற்கும் பனி அடுக்கு

மூன்றாவது வகை ஒன்று உண்டு. நிலப்பனி கடலுக்குள் நீண்டு, கரையோடு ஒட்டியபடி மிதப்பது பனி அடுக்கு. இந்தியாவின் முதல் அண்டார்டிக ஆய்வு நிலையமான தட்சிண் கங்கோத்ரி 1983-84இல் இப்படியொரு பனி அடுக்கின் மேல்தான் அமைக்கப்பட்டது. அது பனியில் புதைந்து போனதால், 1989இல் தொடங்கிய மைத்ரி நிலையத்தைப் பாறை நிலத்தில் கட்டினார்கள்.

பனி அடுக்கு மிதப்பதால் அது உருகி நேரடியாகக் கடல் உயராது. ஆனால் பின்னால் இருக்கும் பனியாறுகளை அது தடுத்து நிறுத்துகிறது. 2002இல் லார்சன் பி என்ற பனி அடுக்கு சில வாரங்களில் நொறுங்கியது. அதன் பிறகு பின்னாலிருந்த பனியாறுகள் வேகமாகக் கடலுக்குள் இறங்கின.

கணக்கு வகுப்புக்கு ஒரு கணக்கு

2002 முதல் கிரேஸ் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசையின் மாற்றத்தைக் கொண்டு பனியை எடைபோட்டு வருகின்றன. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 27,000 கோடி டன் பனியையும், அண்டார்டிகா 13,000 கோடி டன்னுக்கு மேலும் இழந்திருக்கின்றன. 36,000 கோடி டன் நீர் சேர்ந்தால் உலகக் கடல் 1 மில்லிமீட்டர் உயரும். இவ்விரண்டால் மட்டும் ஆண்டுக்கு எவ்வளவு உயர்வு என்பதை மாணவர்களே வகுத்துப் பார்க்கட்டும். மலைப் பனியாறுகள் உருகுவதும், சூடாகும் கடல்நீர் விரிவடைவதும் இதனோடு சேரும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது.

மிதக்கும் பனி உருகினால் பரவாயில்லையா?

கோடையில் நம் வீட்டு மொட்டை மாடிக்கு ஏன் வெள்ளை அடிக்கிறோம்? வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கடல்பனி பூமியின் வெள்ளை மாடி. அது விலகினால் அடியிலுள்ள கருங்கடல் வெயிலில் பெரும்பகுதியை உள்வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூடு மேலும் பனியை உருக்குகிறது.

இன்னொரு சோதனை: ஒரு டம்ளரில் உப்பு கரைத்த நீரை எடுத்து, அதன் மேல் வண்ணம் கலந்த நன்னீரைக் கரண்டி வழியாக மெதுவாக ஊற்றுங்கள். வண்ண நீர் மேலேயே நிற்கும். வட அட்லாண்டிக்கில் குளிர்ந்த உப்பு நீர் கனமாகி ஆழத்துக்கு மூழ்குவதே அப்பெருங்கடலின் பெரும் சுழற்சிக்கு அடிப்படை. கிரீன்லாந்திலிருந்து வரும் நன்னீர் மேலே மூடிபோல் நின்றால் மூழ்குவது குறையும், சுழற்சி தளரும். அது பெரிதும் தளர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்ந்து ஆசியப் பருவமழை பலவீனமாகலாம் என்பது அறிவியலாளர்களின் கணிப்பு.

திண்டுக்கல்லுக்கு வரும் வழி

நம் சமவெளிக் குளங்களை நிரப்புவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. நிலக்கோட்டைப் பக்கத்து வயல்களுக்கோ முல்லைப் பெரியாற்றிலிருந்தும் வைகையிலிருந்தும் வரும் நீர் தென்மேற்குப் பருவமழையையும் நம்பியிருக்கிறது. இரண்டு மழையும் கடலிலிருந்து வருபவை. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைக்கு வாய்ப்பு கூடுகிறது. கடல் வராத ஊருக்கும் கடலின் மாற்றம் மழையாகவும் வறட்சியாகவும் வந்து சேரும்.

ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் துருவப் பனியின் மேல் சுமத்த வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் மூழ்கியதற்கு முதன்மைக் காரணம் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறி நம் மாவட்டம் வரை வந்து மரங்களைச் சாய்த்த கஜா புயலுக்கும் துருவப் பனியே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு விளைவுக்கு எத்தனை காரணங்கள் என்று பிரித்துப் பார்ப்பதும் நாம் கற்பிக்க வேண்டிய அறிவியல்தான்.

இந்த ஆண்டு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் மழைமானி செய்து பள்ளி வளாகத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை மாணவர்களே அளந்து நோட்டில் எழுதட்டும். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே நோட்டில் தொடரட்டும். சில ஆண்டுகளில் ஊரின் மழையைத் தாங்களே அளந்து சொல்லக்கூடிய மாணவர்கள் நம்மிடம் இருப்பார்கள்.